மணிலாவின் புளியாணமும் மறந்துபோன முஸ்லிம் நகரமும்

 

 

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அறியக் கல்வெட்டுகளையும் அரசாணைகளையும் தேடுகிறோம். அம்மக்களின் உணவுத் தட்டும் ஒரு சான்றுதான் என்பதைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. பிலிப்பீன்ஸ் நாட்டின் புகழ்பெற்ற புளிப்பு மீன் சாறு அத்தகைய சான்றுகளுள் ஒன்று. அதன் பெயர் சினிகாங். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் வளைகுடா நாடுகளில் பிலிப்பீன்ஸ் மக்களோடு ஒரே அலுவலகத்தில் பணியாற்றுகின்றனர். துபாயிலும் ரியாத்திலும் தோஹாவிலும் உள்ள பிலிப்பீன்ஸ் உணவகங்களுக்கு நண்பர்களின் அழைப்பை ஏற்றுச் செல்கின்றனர். “இதை உண்ணலாமா?” என்ற வினா அவர்களுக்கு எழுவது இயல்பு. அவ்வினாவுக்கு மார்க்கச் சட்டத்தின் விடை உண்டு. ஆனால், அந்தக் கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு முஸ்லிம் நகரத்தின் வரலாறும் இருக்கிறது. அதையும் சேர்த்து அறிந்துகொண்டால் நமது விடை அறிவார்ந்ததாகவும் கனிவுடையதாகவும் அமையும்.

சினிகாங் என்பது என்ன?

தகாலோக் மொழியில் ‘சிகாங்’ என்றால் புளிப்பான சாற்றில் வேகவைத்தல். அவ்வாறு வேகவைக்கப்பட்டது ‘சினிகாங்’. அரிசி கழுவிய இரண்டாம் நீரை அடுப்பிலேற்றி, வெங்காயம், தக்காளி, முள்ளங்கி, சேம்பு ஆகியவற்றை இட்டு, புளியங்காயை வேகவைத்து மசித்துக் கரைத்த நீரைச் சேர்ப்பர். பின்னர் மீன் துண்டங்களையும், இறுதியில் கத்தரி, நீளப் பயற்றங்காய், வள்ளைக்கீரை, பச்சை மிளகாய் ஆகியவற்றையும் போட்டு இறக்குவர். எண்ணெய் ஊற்றித் தாளிப்பதில்லை. மசாலாப் பொடிகள் இல்லை. உப்புக்காகப் ‘பாத்திஸ்’ எனும் மீன் வடிநீரைச் சேர்ப்பர். ஆவி பறக்கும் வெள்ளைச் சோற்றின் மீது அதை ஊற்றி உண்பர். காயல்பட்டினத்து இல்லங்களின் புளியாணத்தை அறிந்தவர்களுக்கு இது முற்றிலும் அந்நியமான சுவையாகத் தோன்றாது.

புளிப்புக்குப் புளிதான் வேண்டுமென்பதில்லை. ‘கமியாஸ்’ எனப்படும் பிலிம்பிக்காய், கலமான்சி எனும் சிறு எலுமிச்சை, மாங்காய், பழுத்த கொய்யா, விசாயாத் தீவுகளில் ‘பத்துவான்’ எனும் காய் என்று ஊருக்கு ஊர் வேறுபடும். மீனிலும் அவ்வாறே. ‘பாங்குஸ்’ எனப்படும் பால்கெண்டை மிகுதியாகப் பயன்படும். இறால் சேர்ப்பாரும் உண்டு. மாட்டிறைச்சி சேர்ப்பாரும் உண்டு. இன்று அந்நாட்டில் பன்றி இறைச்சி சேர்த்துச் செய்யும் வகையும் மிகப் பரவலானது. நமது சிக்கல் அங்கேதான் எழுகிறது.

பிலிப்பீன்ஸ் உணவு வரலாற்றை ஆராய்ந்து எழுதிய டோரீன் பெர்னாண்டஸ் அம்மையார், தம் நாட்டு உணவுகளுள் மக்களின் இயல்பை மிகச் சரியாகக் காட்டுவது சினிகாங்தான் என்று வாதிட்டவர். அவ்வாதத்தில் வலிமை உண்டு. அந்நாட்டின் மற்றொரு புகழ்பெற்ற உணவான ‘அடோபோ’ ஸ்பானியப் பெயரைத் தாங்கி நிற்கிறது. சினிகாங்கின் பெயரோ மண்ணின் மொழியிலேயே இருக்கிறது.

இன்னொன்றையும் நோக்க வேண்டும். மலேசியாவின் கிழக்குக் கரையில் உள்ள திரங்கானு, கிளந்தான் மாநில முஸ்லிம்கள் ‘சிங்காங்’ என்றொரு புளிப்பு மீன் சாற்றைச் சமைக்கின்றனர். பெயரும் செய்முறையும் உடன்பிறப்புகள் போல் ஒத்திருக்கின்றன. தென்சீனக் கடலின் ஒரு கரையில் முஸ்லிம்களின் அன்றாட உணவாகவும், மறு கரையில் கத்தோலிக்கர்களின் தேசிய உணவாகவும் இச்சாறு விளங்குகிறது. இவ்விரு கரைகளும் ஒரு காலத்தில் ஒரே வணிக உலகின் பகுதிகளாக இருந்தன என்பதை இது நமக்கு நினைவூட்டுகிறது.

கிண்ணத்தில் கலந்த கடல்வழிகள்

புளிய மரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா. அங்கிருந்து மிகப் பழங்காலத்திலேயே இந்தியாவுக்கு வந்து நம் மண்ணின் மரமாகவே ஆகிவிட்டது. அரபு வணிகர்கள் அதனை ‘தம்ர் ஹிந்தீ’, அதாவது இந்தியப் பேரீச்சை என்று அழைத்தனர். ஐரோப்பிய மொழிகளில் புளிக்கு வழங்கும் பெயர்கள் இந்த அரபுச் சொல்லிலிருந்து பிறந்தவையே. தகாலோக் மொழியில் புளிக்குச் ‘சம்பாலோக்’ என்று பெயர். மணிலா நகரின் ஒரு பகுதிக்கே அப்பெயர் உண்டு.

தக்காளியும் மிளகாயும் கொய்யாவும் வேறு வழியாக வந்தவை. அவை அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவை. 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்துக்கும் பிலிப்பீன்ஸுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களின் காலத்தில் இத்தகைய பயிர்கள் அத்தீவுகளில் வேரூன்றின. ஆக, ஒரே கிண்ணத்தில் இந்தியப் பெருங்கடலின் வழியும் பசிபிக் பெருங்கடலின் வழியும் கலந்திருக்கின்றன. முதல் வழியில் புளியையும் துணியையும் மட்டுமின்றி இஸ்லாத்தையும் சுமந்து வந்தவர்கள் இருந்தனர். இரண்டாம் வழியில் வந்தவர்கள் சிலுவையையும் பீரங்கியையும் கொண்டு வந்தனர்.

இஸ்லாம் வந்த பாதை

பிலிப்பீன்ஸின் தென்கோடியில் சூலூத் தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே ஹோலோ நகருக்கு அருகில் புத் தாத்து எனும் குன்றில் ஒரு பழைய கப்று உள்ளது. துஹான் மக்பலு என்பாருக்கு உரியதாகக் கருதப்படும் அக்கப்றின் கல்லில் ஹிஜ்ரி 710, அதாவது கி.பி. 1310 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. ஸ்பானியர் அம்மண்ணை மிதிப்பதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே முஸ்லிம்கள் அங்கே வாழ்ந்தனர் என்பதற்கு இது சான்று.

அதன்பின் மக்தூம் கரீம் எனும் இறைநேசர் வந்தார். தாவி தாவி மாகாணத்தின் சிமுனுல் தீவில் உள்ள பள்ளிவாசல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அது 1380ஆம் ஆண்டு எழுப்பப்பட்டதாக மரபு கூறுகிறது. அந்நாட்டின் மிகப் பழைய பள்ளிவாசலாக அது போற்றப்படுகிறது. 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செய்யித் அபூபக்ர் எனும் ஷரீஃபுல் ஹாஷிம் சூலூ சுல்தானகத்தை நிறுவினார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொகூரிலிருந்து வந்த ஷரீஃப் கபுங்சுவான், மிண்டனாவோவில் மகிந்தனாவோ அரசின் அடித்தளத்தை இட்டார்.

இப்பெரியார்கள் நடந்த பாதைக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. பிலிப்பீன்ஸ் முஸ்லிம்கள் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களின் முஸ்லிம்களும், இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோரும், மலபார் மாப்பிள்ளைமாரும், மலாய் உலகமும் அவ்வாறே. பருவக்காற்றில் பாய்விரித்த மரக்கலங்கள் சென்று சேர்ந்த கரைகளிலெல்லாம் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் சட்ட மரபும் சென்று சேர்ந்தது.

மணிலா ஒரு முஸ்லிம் அரசரின் ஊர்

தென்னகத் தீவுகளில் முஸ்லிம்கள் வாழ்கின்றனர் என்பதைப் பலரும் அறிவர். ஆனால் இன்றைய தலைநகரான மணிலாவே ஒரு காலத்தில் முஸ்லிம் ஆட்சியாளர்களின் ஊராக இருந்தது என்பதை அறிந்தோர் சிலரே. பாசிக் ஆறு கடலில் கலக்குமிடத்தின் தென்கரையில் ‘மைநிலா’ எனும் ஊர் இருந்தது. மரத்தால் அமைந்த அரணும் பீரங்கிகளும் அதற்கு உண்டு. 16ஆம் நூற்றாண்டில் அதனை ஆண்டவர் ராஜா மத்தாண்டா எனப்பட்ட முதிய அரசர். இவர் புரூணை அரச குடும்பத்தோடு இரத்த உறவு உடையவர். இவருடன் சேர்ந்து ஆட்சி செய்த இளவல் ராஜா சுலைமான். ஆற்றின் வடகரையிலிருந்த தொண்டோவை லக்கன் துலா ஆண்டார்.

இங்கே நாம் மிகைப்படுத்திவிடக் கூடாது. அக்காலத்து மணிலாவில் இஸ்லாம் இளம்பயிராகவே இருந்தது. ஆளும் குடும்பத்தாரும் வணிகர்களும் அதனை ஏற்றிருந்தனர். உள்நாட்டு மக்கள் பெரும்பாலும் தம் பழைய வழிபாடுகளிலேயே இருந்தனர். பன்றி வளர்ப்பதும் விருந்துகளில் அதனை உண்பதும் அவர்களிடம் இருந்தன. ஆயினும் ஒரு குறிப்பு நம் கவனத்துக்குரியது. லூசோன் தீவுக்கு முதலில் வந்த ஸ்பானியர்களின் எழுத்துகளில், கடலோரச் சிற்றூர்களில் சிலர் பன்றி இறைச்சியை உண்பதில்லை என்றும், புரூணை முஸ்லிம்களோடு கொண்ட வணிகத் தொடர்பே அதற்குக் காரணம் என்றும் செய்தி காணப்படுகிறது. குர்ஆனை ஓத அறியாதவர்களும், மார்க்கச் சட்டங்களைக் கற்காதவர்களும் இவ்வொன்றை மட்டும் பற்றிப் பிடித்திருந்தனர். ஒரு சமுதாயத்துக்குள் இஸ்லாம் நுழையும்போது உணவுத் தட்டே அதன் முதல் வாசல்களுள் ஒன்றாக அமைகிறது.

1571: ஒரே அரசன், இரு முனைகள்

1521இல் மகெல்லன் அத்தீவுகளுக்கு வந்து மக்தான் கரையில் லாப்புலாப்புவின் வீரர்களால் கொல்லப்பட்டார். அதன்பின் 1565இல் மிகேல் லோபெஸ் தெ லெகாஸ்பி செபுத் தீவில் காலூன்றினார். 1570இல் அவருடைய தளபதி மார்த்தின் தெ கோய்த்தி மணிலாவைத் தாக்கினார், நகரம் தீக்கிரையானது. 1571ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஹிஜ்ரி 979இன் தொடக்கத்தில், பாங்குசாய் நீரிணையில் இறுதிப் போர் நடந்தது. மகபெபே நகரின் இளந்தலைவர் ஒருவர் உள்ளூர்ப் படைகளுக்குத் தலைமையேற்று அப்போரில் உயிர்நீத்தார். தாரிக் சுலைமான் என்று மக்கள் அவரை நினைவுகூர்கின்றனர். அதே மாதம் லெகாஸ்பி மணிலாவை ஸ்பானிய நகரமாக அறிவித்தார். சுலைமானின் மர அரண் இருந்த இடத்தில் இன்று சாந்தியாகோ கற்கோட்டை நிற்கிறது.

இந்த ஆண்டுகளை நாம் ஸ்பெயினின் வரலாற்றோடு இணைத்துப் பார்க்க வேண்டும். 1492இல் கிரனாடா வீழ்ந்தபின், அங்கு எஞ்சிய முஸ்லிம்கள் கட்டாயமாக ஞானஸ்நானம் செய்விக்கப்பட்டனர். அவர்கள் ‘மொரிஸ்கோக்கள்’ எனப்பட்டனர். 1567இல் மன்னர் இரண்டாம் பிலிப் அவர்களுடைய அரபு மொழியையும் உடையையும் பழக்கங்களையும் தடைசெய்தார். அதனால் 1568இன் இறுதியில் அல்புகாரா மலைகளில் கிளர்ச்சி வெடித்து 1571 வரை நீடித்தது. அதனை அடக்கிய அதே மன்னரின் படைதான் அதே 1571இல் மணிலாவைக் கைப்பற்றியது. பிலிப்பீன்ஸ் எனும் பெயரும் அம்மன்னருடைய பெயரிலிருந்து வந்ததே. உலகின் இரு கோடிகளில் ஒரே ஆண்டில் ஒரே அரசன் இரு முஸ்லிம் சமுதாயங்களை ஒடுக்கினான் என்பது வரலாற்று உண்மை.

ஸ்பெயினில் மொரிஸ்கோக்களைக் கண்டறிய விசாரணை மன்றத்தார் பயன்படுத்திய அடையாளங்களுள் உணவும் ஒன்று. பன்றி இறைச்சியையும் மதுவையும் தவிர்ப்பவன் மறைமுக முஸ்லிம் என்ற ஐயத்துக்கு ஆளானான். நோன்பு நோற்பவனும் அவ்வாறே. சமையலறையின் மணமே ஒருவனுக்கு எதிரான சாட்சியாயிற்று. அத்தகைய நாட்டிலிருந்து வந்தவர்கள் பிலிப்பீன்ஸில் முஸ்லிம்களைக் கண்டவுடன், தம் நாட்டில் வழங்கிய ‘மோரோ’ எனும் பெயரையே இவர்களுக்கும் சூட்டினர். மொராக்கோவையும் மணிலாவையும் அவர்கள் ஒரே பகைவனின் இரு முகங்களாகக் கண்டனர்.

1578இல் ஆளுநர் பிரான்சிஸ்கோ தெ சாண்டே புரூணையைத் தாக்கினார். அதே ஆண்டில் சூலூவுக்கும் மிண்டனாவோவுக்கும் அனுப்பிய படைத்தலைவருக்கு அவர் எழுதிய ஆணையில், இஸ்லாமியப் போதகர்களை அனுமதிக்கக் கூடாது என்றும், போதனை நிகழும் இல்லத்தை எரித்துவிட வேண்டும் என்றும் கட்டளையிட்டார். மணிலாவின் பழைய பெருங்குடியினர் 1587இல் புரூணையின் உதவியோடு ஆட்சியை மீட்க இரகசியமாகத் திட்டமிட்டனர். லக்கன் துலாவின் மகன் மகாத் சலாமத் அவர்களுள் ஒருவர். திட்டம் அடுத்த ஆண்டு வெளிப்பட்டது. தலைவர்கள் கொல்லப்பட்டனர் அல்லது நாடு கடத்தப்பட்டனர். அதோடு மணிலாவில் இஸ்லாத்தின் அரசியல் வாழ்வு முடிவுற்றது.

தெற்கே கதை வேறாக இருந்தது. சுல்தான் குதராத் போன்றோரின் தலைமையில் மகிந்தனாவோவும் சூலூவும் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தம் மார்க்கத்தைக் காத்து நின்றன. சீசர் அதீப் மஜூல் எனும் வரலாற்றாசிரியர் 1973இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலில் இப்போராட்டத்தை விரிவாக எழுதியுள்ளார். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அந்நாட்டு மக்களில் 6.4 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். 2019இல் பங்சமோரோ முஸ்லிம் தன்னாட்சிப் பகுதி உருவானதும் அந்நெடிய போராட்டத்தின் தொடர்ச்சியே.

நாவில் எஞ்சியவை

மணிலாவிலும் எல்லாம் அழிந்துவிடவில்லை. தகாலோக் மொழி பேசும் ஒரு கத்தோலிக்கர் நன்றி கூறும்போது ‘சலாமத்’ என்கிறார். அது மலாய் வழியாக வந்த அரபுச் சொல். ‘சலாமத்’ என்றால் நலம், பாதுகாப்பு. நீதிபதியை அவர் ‘ஹுகோம்’ என்கிறார், அது ‘ஹுக்ம்’. பழங்கதையை ‘அலமாத்’ என்கிறார், அது ‘அலாமத்’. சிந்தனையில் தோன்றும் கருத்தை ‘அகாலா’ என்கிறார், அது ‘அக்ல்’. உணவகத்தில் சினிகாங் கிண்ணத்தை வைத்துவிட்டுச் செல்லும் பணியாளரிடம் ‘சலாமத்’ என்று கூறும்போது, 450 ஆண்டுகளுக்கு முன் அந்த ஆற்றங்கரையில் ஒலித்த ஒரு சொல்லே நம் நாவில் ஒலிக்கிறது.

அந்த எளிய உணவகங்களின் பெயரிலும் ஒரு செய்தி உண்டு. தெருவோர உணவகத்தை அங்கே ‘கரிண்டேரியா’ என்பர். ‘கறி’ எனும் சொல்லிலிருந்து அது பிறந்ததாகப் பலரும் கூறுவர். 1762இல் ஆங்கிலேயர் சென்னையிலிருந்து படையெடுத்துச் சென்று மணிலாவைக் கைப்பற்றி 1764 வரை ஆண்டனர். அப்படையில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் இருந்தனர். அவர்களில் சிலர் ஊர் திரும்பாமல் மணிலாவுக்கு அருகிலுள்ள கைந்தாவில் மணமுடித்துத் தங்கிவிட்டனர். நம் நாட்டுக் கறியின் மணமும் அவ்வழியில் அந்நாட்டுச் சமையலறைக்குள் சென்றது.

கிண்ணத்தின் சட்டம்

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். கடல் வேட்டையும் கடல் உணவும் நமக்கு ஆகுமாக்கப்பட்டிருப்பதைத் திருக்குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் அல்மாயிதா, 96ஆம் வசனம் அறிவிக்கிறது. மீனுக்கு அறுப்பு நிபந்தனை இல்லை. ஆகவே மீனாலான சினிகாங், அதன் தன்மையில் ஹலாலானது. இறாலும் கணவாயும் ஷாஃபிஈ மத்ஹபில் ஆகுமானவை. ஹனஃபீ மத்ஹபில் மீன் மட்டுமே ஆகும். இறாலை மீன் வகையில் சேர்ப்பதா என்பதில் அம்மத்ஹபின் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம்மில் இரு மத்ஹபினரும் இருப்பதால் ஒருவர் மற்றவரைக் குறைகூறுதல் தகாது. பாத்திஸ் என்பது மீனும் உப்பும் சேர்ந்து நொதித்து வடிந்த நீர். அது போதை தருவதன்று.

சிக்கல் மீனில் இல்லை; பாத்திரத்தில் இருக்கிறது. பிலிப்பீன்ஸில் ‘துரோ துரோ’ எனும் உணவகங்கள் மிகுதி. அச்சொல்லுக்குச் சுட்டுதல் என்று பொருள். கண்ணாடிக்குப் பின்னே வரிசையாக வைத்த தட்டுகளை வாடிக்கையாளர் சுட்டிக்காட்ட, பணியாளர் அகப்பையால் எடுத்துத் தருவார். மீன் சாற்றுக்கு அருகிலேயே பன்றிச் சாறும் இருக்கும். ஒரே அகப்பை இரண்டிலும் புழங்கலாம். பன்றி எலும்பை வேகவைத்த நீரோ, அதன் சுவைக் கட்டிகளோ மீன் சாற்றிலும் சேர்க்கப்படலாம். ஷாஃபிஈ மத்ஹபின் நடைமுறைத் தீர்ப்பில் பன்றியின் அசுத்தம் நாயின் அசுத்தத்தைப் போன்றே கடுமையானது. பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். ஆதாரத்தின் அடிப்படையில் ஒரு முறை கழுவுவதே போதுமானது எனும் கருத்தை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் வலுவானதாகக் கண்டார்கள். எப்படியாயினும் கழுவாத பாத்திரத்தில் சமைத்ததை எவரும் ஆகுமாக்கவில்லை.

வேதக்காரர்களின் ஊரில் வாழ்ந்த அபூஸஃலபா அல்குஷனீ (ரலி) அவர்கள், அவர்களுடைய பாத்திரங்களில் உண்ணலாமா என்று நபி (ஸல்) அவர்களிடம் வினவினார்கள். வேறு பாத்திரம் கிடைத்தால் அவற்றில் உண்ண வேண்டாம் என்றும், கிடைக்காவிட்டால் கழுவிவிட்டு உண்ணலாம் என்றும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. இந்த வழிகாட்டலில் நாம் இரண்டு பாடங்களைப் பெறுகிறோம். பேணுதல் வேண்டும், ஆனால் அம்மக்களிடமிருந்து ஒதுங்கி ஓட வேண்டுமென்பதில்லை.

ஆகவே நம் இளைஞர்களுக்குச் சொல்வது இதுதான். பன்றி இறைச்சியே சமைக்காத உணவகமாயின் மீன் சினிகாங்கை மனநிறைவோடு உண்ணுங்கள். இரண்டும் சமைக்கும் உணவகமாயின் தனிப் பாத்திரம், தனி அகப்பை, சாற்றின் அடிப்படை நீர் ஆகிய மூன்றையும் பணிவோடு விசாரியுங்கள். தெளிவு கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். ஐயத்துக்குரியவற்றை விட்டு விலகுபவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொள்கிறார் என்பது நபிமொழியின் கருத்து. மணிலாவில் இருப்போருக்குக் கியாப்போ பகுதியில் வழி உண்டு. 1976இல் எழுப்பப்பட்ட தங்கக் குவிமாடப் பள்ளிவாசலைச் சுற்றி முஸ்லிம்களின் உணவகங்கள் இருக்கின்றன. தெங்கும் இஞ்சியும் சின்ன வெங்காயமும் மிளகாயும் இடித்துச் செய்யும் மரனாவோ மக்களின் ‘பலாபா’வும், வாழையிலையில் மடித்த ‘பஸ்தில்’ சோறும் அங்கே கிடைக்கும். 2016இல் அந்நாட்டு அரசும் ஹலால் பொருள்களை மேம்படுத்தும் சட்டமொன்றை இயற்றியுள்ளது.

தாயின் அடுப்பும் திரும்பி வந்த மகனும்

இவ்வினா நமக்கு ஒரு வேளை உணவைப் பற்றியது. வேறு சிலருக்கோ அது வாழ்நாள் சோதனை. பிலிப்பீன்ஸில் இஸ்லாத்தைத் தழுவுவோர் தம்மை ‘பாலிக் இஸ்லாம்’ என்பர். ‘பாலிக்’ என்றால் திரும்புதல். ஒவ்வொரு குழந்தையும் இயற்கை மார்க்கத்திலேயே பிறக்கிறது என்ற நபிமொழியின் கருத்தோடு, தம் முன்னோரின் மணிலா முஸ்லிம்களின் ஊராக இருந்தது என்ற நினைவும் அச்சொல்லில் கலந்திருக்கிறது. சவூதி முதலிய நாடுகளில் பணியாற்றியபோது இஸ்லாத்தை ஏற்றவர்கள் இவர்களுள் பலர்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பும் ஒரு மகனை எண்ணிப் பாருங்கள். தாய் அவனுக்கு மிக விருப்பமான சினிகாங்கைச் சமைத்து வைத்திருக்கிறாள். அதில் பன்றி இறைச்சி இருக்கிறது. அவன் “வேண்டாம்” என்றால், தாயின் செவியில் அது “நீ வேண்டாம்” என்று விழுகிறது. அவள் வழங்கியது அன்பு; அவன் மறுப்பது ஒரு பண்டம். இவ்விரண்டையும் பிரித்து விளக்குவது எளிதன்று.

மார்க்கம் அவனைத் தடுமாற விடவில்லை. இணைவைக்குமாறு பெற்றோர் வற்புறுத்தினால் கட்டுப்படக் கூடாது. ஆயினும் உலக வாழ்வில் அவர்களோடு நன்முறையில் உறவாட வேண்டும் என்பது 31ஆம் அத்தியாயம் லுக்மான், 15ஆம் வசனத்தின் கட்டளை. இஸ்லாத்தை ஏற்காத தம் தாயார் வந்தபோது உறவைப் பேணலாமா என்று அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்கள் கேட்டார்கள். பேணுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆகவே அம்மகன் சந்தைக்குச் சென்று பால்கெண்டை மீனும் புளியங்காயும் புதிய சட்டியும் வாங்கி வந்து, “அம்மா, இதில் எனக்குச் சமைத்துத் தாருங்கள்” என்று கேட்கலாம். சாறு அதேதான்; தாயின் கைப்பக்குவமும் அதேதான். பன்றி மட்டும் இல்லை. சினிகாங்கின் சிறப்பு அதன் புளிப்பில் இருக்கிறதேயன்றி அதனுள் இடும் இறைச்சியில் இல்லை என்பது இங்கே அவனுக்கு ஓர் அருட்கொடையாகிறது.

நாம் பெறும் பாடம்

மணிலாவின் மலாத்தே ஆலயத்துக்கு எதிரே உள்ள பூங்காவில் ராஜா சுலைமானின் சிலை நிற்கிறது. அதைக் கடந்து செல்வோரில் எத்தனை பேர் அவரை ஒரு முஸ்லிமாக நினைக்கின்றனர்? ஒரு தலைமுறை தன் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதை நிறுத்திவிட்டால், அரசரின் பெயர் சிலையில் மட்டும் எஞ்சும். அவருடைய மார்க்கம் மறக்கப்படும். மணிலாவில் இஸ்லாம் வேர்விடுவதற்குள் பீரங்கி வந்தது என்பது உண்மை. சூலூவிலும் பீரங்கி வந்தது என்பதும் உண்மை. ஆனால் சூலூவில் இரண்டு நூற்றாண்டுகளாகப் பள்ளிவாசல்களும் ஓதிக்கொடுக்கும் ஆசிரியர்களும் இருந்தனர். மணிலாவில் பன்றியைத் தவிர்க்கும் வழக்கம் இருந்தது. ஏன் தவிர்க்கிறோம் என்ற கல்வி ஆழமாக இல்லை. காரணம் அறியாத வழக்கம் நெருக்கடியின்போது நிலைப்பதில்லை.

இதை நம் இல்லங்களுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். “இது ஹராம், தொடாதே” என்று மட்டும் சொல்லி வளர்க்கப்படும் பிள்ளை, அந்நிய நாட்டில் தனியே ஓர் உணவகத்தில் அமரும்போது எதைக் கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும்? அல்லாஹ் எதை ஆகுமாக்கினான், எதைத் தடுத்தான், ஐயம் எழும்போது எவ்வாறு விசாரிப்பது, மாற்று மதத்தாரிடம் எவ்வளவு கண்ணியமாக மறுப்பது என்பனவற்றையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். முத்திரையைப் பார்ப்பதோடு ஹலால் கல்வி முடிந்துவிடுவதில்லை.

அவ்வாறே, உடன் பணியாற்றும் பிலிப்பீன்ஸ் சகோதரர் நம்மை உணவுக்கு அழைத்தால் முகம் சுளிக்க வேண்டாம். அவருடைய முன்னோர் எந்த நகரில் எவருடைய ஆட்சியில் வாழ்ந்தனர் என்பதை அவரே அறியாதிருக்கலாம். நாம் அறிந்திருக்கிறோம். மீன் சாறு போதும் என்று கனிவோடு கூறுங்கள். அவரோடு அமர்ந்து உண்ணுங்கள். ‘சலாமத்’ என்று நன்றி கூறி, அச்சொல் எங்கிருந்து வந்தது என்பதையும் எடுத்துரையுங்கள். அழைப்புப் பணி அந்த ஒரு சொல்லிலிருந்தும் தொடங்கலாம்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் தூய உணவையும் பயனுள்ள கல்வியையும் வழங்குவானாக! தன் மார்க்கத்துக்குத் திரும்பிய அத்தீவு மக்களின் உள்ளங்களை உறுதிப்படுத்தி, அவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இடையே அன்பை நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.